நெய்வேலியில் எனக்கொரு மாடி அறை

குடியிருக்க நல்ல ஊர் எது என்று யாராவது என்னிடம் கேட்டால் எனக்குச் சிரிப்புதான் வரும். உழைக்கிற வயது முழுவதையும் மஸ்கட்டில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாகக் கழித்தவள் நான். படுத்த அறை அவர்களுடையது, கட்டில் அவர்களுடையது, சுவரில் ஓர் ஆணி அடிப்பதற்கும் அனுமதி கேட்க வேண்டும். வேலை முடிந்தது, விசாவும் முடிந்தது. கையில் ஒரு கேடயத்தைக் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். திண்டுக்கல்லில் அப்பா கட்டிய வீடு கைமாறி வெகுகாலம் ஆகிறது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சென்னையில் ஒரு பெண்கள் விடுதியில், புதிதாக வேலைக்கு வந்த பெண்களுக்கு நடுவே, யாரும் நியமிக்காத வார்டன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் நெய்வேலியிலிருந்து தங்கை மல்லிகா கூப்பிட்டாள். அவள் கணவர் குணசேகரன் சுரங்கத்தில் நிரந்தர ஊழியர், ஓய்வு பெறப் போகிறார். டவுன்ஷிப்புக்கு வெளியே ஒரு வீடு வாங்கிவிடலாம், கீழே நாங்கள், மாடியில் நீ என்றாள். மரம் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது, சென்னை மாதிரி நெரிசல் இல்லை, நான்கு நாள் வந்து இருந்து பார் என்றாள். என் சேமிப்பையும் சேர்த்துத்தான் வாங்குவது என்பது பேச்சு. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. மாடியில் நீ என்று என்னிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை. மறுநாளே பஸ் ஏறிவிட்டேன்.

டவுன்ஷிப் வளைவுக்கு முன்னால் இறக்கிவிட்டார்கள். உள்ளே போகிற பஸ் ஒன்று வந்து நின்றது, ஏறி உட்கார்ந்தேன். கண்டக்டர் வரவில்லை. எல்லோரும் ஆண்கள், எல்லோர் மடியிலும் சாப்பாட்டுப் பை, பாதிப் பேர் கண்ணை மூடியிருந்தார்கள். என்ன ஒழுங்கான ஊர் என்று மனசுக்குள் பாராட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, நீங்கள் எந்த பிளாக் என்று மெதுவாகக் கேட்டார். நான் மல்லிகா சொன்ன எண்ணைச் சொன்னேன். அது இந்தப் பக்கமே இல்லை, இது ஷிப்ட் பஸ், ஊழியர்களுக்கு மட்டும், நேரே மைன்ஸுக்குப் போகிறது என்றார். சுரங்கத்தின் வாசலில் காவலாளி என்னை இறங்கச் சொன்னார். பஸ்ஸில் ஒருவரும் சிரிக்கவில்லை. இரவு ஷிப்ட் முடிந்து வெளியே வந்த ஒருவர் தன் ஸ்கூட்டரில் என்னை ஏற்றிக்கொண்டு வந்து தங்கை வீட்டு வாசலில் விட்டார். பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்டார். இந்த ஊரைப் பற்றி நான் சொல்லப்போகும் நல்ல வார்த்தைகளில் பாதி அவருக்குத்தான் சேரும்.

மீதிப் பாதி மரங்களுக்கு. தெரு முழுக்க நிழல். சாலை ஓரத்தில் குப்பை இல்லை, தோரணம் இல்லை, காது கிழிய ஹாரன் இல்லை. ஒரே மாதிரி வீடுகள், ஒரே மாதிரி வேலி, ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னும் பின்னும் இடம். மல்லிகா வீட்டின் பின்பக்கம் ஒரு பலா, அடிமரத்திலிருந்து காய்த்துத் தொங்கியது. மஸ்கட்டில் ஒரு வேப்பங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றியே என் ஆயுசில் பாதி போயிற்று. இங்கே ஓசியில் இத்தனை பச்சை என்றதும் எனக்குப் பொறாமையே வந்தது.

மத்தியானம் பலாக்கொட்டை போட்டுக் கருவாட்டுக் குழம்பு. சாப்பிடும்போது எல்லோரும் கிசுகிசுவென்று பேசினார்கள். உள்ளறையில் குணசேகரன் இரவு ஷிப்ட் முடித்துத் தூங்குகிறார். கல்யாணம் ஆனதிலிருந்து இந்த வீட்டில் பாத்திரத்தைச் சத்தம் வராமல் கீழே வைத்துத்தான் பழக்கம் என்றாள் மல்லிகா. பெருமையாகத்தான் சொன்னாள். அவள் மகன் கதிர் கான்ட்ராக்ட் தொழிலாளி, அதே சுரங்கத்தில் அப்பாவுக்குப் பக்கத்துப் பிரிவு. முப்பதைத் தாண்டிவிட்டான். பெண் கேட்டுப் போன இடங்களில் எல்லாம், பையன் பெர்மனென்டா என்று கேட்டுவிட்டுத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார்களாம். தங்கமான பையன், என் கைப்பையை என்னைத் தூக்கவே விடவில்லை. வீட்டைக் கதிர் பேரிலேயே பதிந்துவிடலாமா, பிற்பாடு யாருக்கும் அலைச்சல் இருக்காது என்று மல்லிகா கேட்டாள். எனக்குப் பிறகு அவனுக்குத்தானே என்று உடனே சரி சொன்னேன்.

மறுநாள் காலையில் குணசேகரன் அனுமதி வாங்கி என்னைச் சுரங்கம் பார்க்கக் கூட்டிப்போனார். வீட்டில் வாய் திறக்காத மனிதர், பள்ளத்தின் விளிம்பில் நின்றதும் மடை திறந்தாற்போல் பேசினார். மேல்மண் எது, களிமண் எது, கீழிருந்து பொங்கிவரும் தண்ணீரை ஏன் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும், எல்லாம் சொன்னார். தூரத்தில் பெரிய சக்கரத்தோடு ஓர் இயந்திரம் மண்ணை வாரிக்கொண்டிருந்தது. அந்த பக்கெட் வீல்தான் அவர் ஓட்டுவது. அடியில் கருப்பாக ஒரு பட்டை தெரிந்தது. அந்தப் பட்டைக்காகத்தான் இவ்வளவும். பள்ளம் எதுவரை போகும் என்று கேட்டேன். கரி எதுவரை இருக்கிறதோ அதுவரை என்றார். கையை நீட்டி, அந்தப் பனைமரங்களுக்கு அப்பால் ஓர் ஊர் இருந்தது, அதற்கு அப்பால் இன்னொன்று என்று காட்டினார். ஊர்ப் பெயர்களைப் பழைய சிநேகிதர்களின் பெயர்களைப் போல் சொன்னார். வெயில் தாங்கவில்லை என்று சொல்லிவிட்டு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டேன்.

அன்று சாயங்காலம்தான் இன்னொன்றும் தெரிந்தது. ஓய்வு பெற்றதும் கம்பெனி குவார்ட்டர்ஸைக் காலி செய்யும்போது, தாங்களாகச் சேர்த்துக் கட்டியதை எல்லாம் இடித்துவிட்டுத்தான் சாவி கொடுக்க வேண்டுமாம். மல்லிகாவின் சமையலறைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஓர் அறை இருக்கிறது. அவள் தையல் மிஷின், சாமி படம், பகல் தூக்கம் எல்லாம் அதற்குள்தான். அந்த அறையில்தான் கதிருக்குத் தொட்டில் கட்டினாளாம். அதையும் இடிப்போம் என்றாள், சாதாரணமாக. இந்த ஊரில் பிறந்து, படித்து, வேலை பார்த்து, பேரன் எடுத்தவர்கள்கூட அறுபது வயதானதும் பெட்டியைக் கட்ட வேண்டும். தெருவில் நடந்தபோது எனக்கு என்னவோ குறைகிறது என்று முதல் நாளே தோன்றியது. என்னவென்று இப்போது புரிந்தது. தடியூன்றி நடக்கிற ஆள் ஒருவரும் கண்ணில் படவில்லை. இதற்குத்தான் நான் மஸ்கட்டிலிருந்து வந்தேனா என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மந்தாரக்குப்பத்தில் வீடு பார்த்தோம். டவுன்ஷிப் எல்லையைத் தாண்டினால் மரம் நின்றுவிடுகிறது. கடைகள், புரோட்டாக் கல்லின் சத்தம், குறுகலான சந்துகள், ஒன்றன்மேல் ஒன்றாக வாடகை அறைகள். எனக்கு அது பிடித்திருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். இங்கே சத்தம் போட்டுப் பேசுகிறார்கள், கிழவர்களும் இருக்கிறார்கள். தேநீர்க் கடையில் வடநாட்டுத் தொழிலாளி ஒருவன் போனில் மனைவியிடம் இந்தியில் பேசிக்கொண்டிருந்தான். மஸ்கட் தயவில் எனக்கு இந்தி புரியும். “ஊர் எப்படின்னு கேக்கிறியா? ஊரை எங்கே பார்த்தேன்? ரூமைப் பார்த்தேன், மைன்ஸைப் பார்த்தேன்” என்றான். இதையே நான் அம்மாவுக்குக் கடிதமாக எழுதியிருக்கிறேன். அவனுக்கு ஒரு டீ சொல்லலாமா என்று நினைப்பதற்குள் போய்விட்டான்.

பார்த்த வீடு மோசமில்லை. கொடியில் காய்ந்த வெள்ளை வேட்டியில் மட்டும் சாம்பல் நிறத்தில் ஒரு தூசு. குணசேகரன் குழாயைத் திறந்து பார்த்தார், சுவிட்சைப் போட்டுப் பார்த்தார், பிறகு வீட்டுக்காரரிடம் மிகவும் மரியாதையாக, குழாய் ஒழுகினால் எந்த செக்‌ஷனில் கம்ப்ளெய்ன்ட் எழுத வேண்டும் என்று கேட்டார். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். “நீங்களேதான் சார் பாத்துக்கணும்” என்றார் அவர். குணசேகரன் முகத்தில் ஒரு பயம் வந்தது. மலை போன்ற இயந்திரத்தை ஓட்டுகிறவர், ஒரு வாஷரை மாற்றும் பொறுப்பு தன் தலையில் விழும் என்று அதுவரை நினைத்ததில்லை. எனக்கும் அந்தப் பயம் உண்டு. விடுதியில் பல்பு போனால் வார்டனைத்தான் கூப்பிடுகிறேன். அன்று அவர்மேல் எனக்கு உண்மையான பிரியம் ஏற்பட்டது. அது மறுநாள்வரைதான் நிலைத்தது.

அந்த வீடு வேண்டாம் என்று அவர் சொன்னார், காரணம் சொல்லவில்லை. வேறொன்று பார்த்து வைத்திருக்கிறேன், அது கிராமத்து மனைக்கட்டு, காற்றோட்டம் பிரமாதம் என்றார். ஓட்டுக் கூரையைப் பிரித்துவிட்டு மாடியும் எழுப்பலாமாம். கிழக்கே ஜன்னல் வைத்தால் காலை வெயில் நேராக உன் கட்டிலில் விழும் அக்கா என்றாள் மல்லிகா. எனக்குக் காலை வெயில் ஆகாது, இருந்தாலும் தலையை ஆட்டினேன்.

நான்காம் நாள் கதிரின் ஆட்டோக்கார நண்பன் ஒருவன் குணசேகரனையும் கதிரையும் என்னையும் ஏற்றிக்கொண்டான், மல்லிகா வரவில்லை. வழியில் வடலூரில் இறங்கி, யார் வந்தாலும் சோறு போடும் தருமசாலையில் சாப்பிட்டோம். சாதம், சாம்பார், ரசம், மோர். எனக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் யார் என்று தெரியாது, அவர்களும் என்னைக் கேட்கவில்லை. அந்தப் பந்தியில் ஒருவரும் எந்த பிளாக் என்று விசாரிக்கவில்லை. நெய்வேலிக்கு வந்து நான் நிம்மதியாகச் சாப்பிட்ட ஒரே சாப்பாடு அதுதான். வெளியே வந்தால் ஆட்டோ பஞ்சர். வெயிலில் நின்றோம். குணசேகரன் மட்டும் அவசரப்பட்டார், இருட்டுவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்றார், அப்போது மணி இரண்டுகூட ஆகவில்லை.

மெயின் ரோட்டிலிருந்து உள்ளே போனால் முந்திரித் தோப்பு, அதைத் தாண்டி ஒரு சின்ன ஊர். வீடு ஓட்டு வீடு, சுத்தமாக இருந்தது, பக்கத்திலேயே தண்ணீர் மோட்டார். வீட்டுக்காரி அஞ்சலை என்னைவிடக் கொஞ்சம் இளையவள். வளையமாதேவிப் பக்கம் நிலம் வைத்திருந்தவர்கள், நிலம் சுரங்கத்துக்குப் போன பிறகு இந்த வீட்டை வாங்கி வந்திருக்கிறார்கள். இப்போது விற்றுவிட்டு விருத்தாசலத்தில் மகள் வீட்டோடு போகப் போகிறாள். எங்களுக்குக் குளிர்ந்த தண்ணீர் கொடுத்தாள், உட்காரப் பாய் போட்டாள். குணசேகரனை மட்டும் கொஞ்சம் உற்றுப் பார்த்தாள். அவர் எந்த செக்‌ஷன் என்று கேட்டாள். பக்கெட் வீல் ஓட்டுகிறார் என்று கதிர் பெருமையாகச் சொன்னான். அஞ்சலை எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தாள்.

நல்ல வீட்டை ஏன் விற்கிறீர்கள் என்று நான்தான் கேட்டேன். பேச்சை மாற்றலாம் என்று கேட்டது.

“மைன்ஸ்காரங்க அடுத்தாப்புல இங்கதான் வராங்கனு ஊரே பேசிகினு இருக்குதுங்க. அளக்குறதுக்கு ஆளுங்க வந்துட்டுப் போயிருக்காங்க. ஒரு தடவ பாத்துட்டோம், திரும்ப ஒரு தடவ பாக்கத் தெம்பு இல்ல. அதான் குடுத்துட்டுப் போறோம். உங்க கிட்ட மறைச்சா பாவங்க.”

நான் பதறிப்போனேன். நல்லவேளை சொன்னீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். குணசேகரனிடம் திரும்பி, கிளம்பலாம் என்றேன். அவர் எழுந்திருக்கவில்லை. ஓட்டுக்கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கதிர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அஞ்சலை என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். “உங்களுக்குத் தெரியாதாங்க? இப்ப இங்க வூடு கேட்டு வர்றவங்க எல்லாம் அதுக்குத்தான வராங்க. வூட்ட எடுத்தா வூட்டுக்கு ஒரு வேல குடுப்பாங்கனு வாங்குறாங்க. நாங்களும் அப்பிடித்தாங்க நம்புனோம். எங்க பையன் இன்னமும் கான்ட்ராக்ட்டுதான்.”

கடைசி வாக்கியத்தை அவள் குணசேகரனைப் பார்த்துத்தான் சொன்னாள். அவர் காதில் அது ஏறவே இல்லை. அது பழைய ஏற்பாடு, இப்போது வேறு மாதிரி வரும் என்று முணுமுணுத்தார். எங்கே கரி இருக்கிறது, எங்கே இல்லை என்பது அவருக்கு உள்ளங்கை மாதிரி தெரியும். தெரிந்துதான் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். மந்தாரக்குப்பத்து வீட்டை அவர் வேண்டாம் என்றதற்குக் குழாய் மட்டும் காரணம் இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வீட்டை யாரும் தோண்டமாட்டார்கள்.

ஆக, என் சேமிப்பில் ஒரு வீடு வாங்கப்படும், கதிர் பேரில். கிழக்கே ஜன்னல் வைத்து மாடி எழுப்பப்படும், எனக்காக. பிறகு ஒருநாள் அது எடுக்கப்படும், கதிருக்காக. எனக்குக் கோபம் தலைக்கேறியது. திட்டம் போட்டதற்காகக்கூட இல்லை, என்னிடம் கேட்டிருந்தால் கதிருக்காக நானே கொடுத்திருப்பேன். காலை வெயில் கட்டிலில் விழும் என்று ஏன் சொன்னாள்?

திரும்பி வரும்போது ஆட்டோவில் கதிர் மட்டும் ஒருமுறை, எனக்கும் பிடிக்கலை பெரியம்மா, ஆனா வேற வழியும் தெரியலை என்றான். அவன் குரல் உடைந்திருந்தது. அவன்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. பெர்மனென்ட் என்ற ஒரு சொல்லுக்காக அவனை நாலு வீட்டில் தண்ணீர் கொடுத்து அனுப்பிய ஊர் இது.

வீட்டுக்கு வந்தபோது மல்லிகா பின்பக்கத்தில் உட்கார்ந்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாச்சுளை எடுத்துக்கொண்டிருந்தாள். கணவரின் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் வெளியே வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டாள். ஆனாலும் எழுந்திருக்கவில்லை. எனக்கு ஒரு பலகையை நகர்த்திப் போட்டாள். நான் உட்காரவில்லை. இடிக்கப் போகிற வீட்டில் எனக்கு மாடி கட்டப் பார்த்தாயா என்று கேட்டேன். என் குரல் பக்கத்து வீட்டு வேலியைத் தாண்டிப் போயிருக்கும். அந்தத் தெருவில் அப்படி ஒரு சத்தம் கேட்டு வெகுநாளாகியிருக்க வேண்டும், எதிர்வீட்டில் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

மல்லிகா மறுக்கவில்லை. அழவும் இல்லை. ஒரு சுளையிலிருந்து கொட்டையை எடுத்துத் தனியாகப் போட்டாள்.

“நீ ஏன்க்கா இப்படி எடுத்துக்கிற? உன்னை நான் தெருவிலயா விடப்போறேன்? மைன்ஸ் அங்க வந்து சேர இன்னும் பத்துப் பதினஞ்சு வருஷம் ஆகும்னு அவரே சொல்றாரு. அதுவரைக்கும் உனக்குப் போதாதா?”

குத்திக்காட்ட வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. நல்ல மனசோடுதான் சொன்னாள், என் வயிற்றில் நெருப்பைக் கொட்டியது அதுதான். என் வயது, என் சர்க்கரை, அம்மா போன வயது, எல்லாவற்றையும் ஒருநாள் உட்கார்ந்து யோசித்துப் பார்த்திருக்கிறாள். இயந்திரம் வருவதற்குள் நான் போய்விடுவேன், ஆகவே எனக்கு ஒரு குறையும் இருக்காது என்று அவள் உண்மையாகவே நம்பினாள். வீட்டை இடிக்கும்போது நான் இருப்பேன் என்பது அவர்கள் யாருடைய யோசனையிலும் இல்லை. மஸ்கட்டில் வார்டில் படுத்திருப்பவர்களுக்குப் பக்கத்தில் நின்று பிள்ளைகள் இந்த மாதிரி பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். படுத்திருப்பவர் கண்ணை மூடிக்கொள்வார். நானும் திரையை இழுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவேன்.

இப்போது இழுக்கத் திரை இல்லை. எண்ணெய் மினுங்கும் கையோடு தங்கை என் பதிலுக்காகக் காத்திருந்தாள். இவ்வளவு காலமும் என் ஆயுளைப் பற்றி எனக்குப் பெரிய ஆசை ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

“போதாது மல்லிகா” என்றேன். “எனக்கு இன்னும் வேணும்.”